சங்குக்குச் சுருதி சேர்த்த ஆல்பம்

எங்கள் இரண்டாவது ஆல்பம் நல்ல ஆல்பம். இதை நானே சொல்லக்கூடாது என்பது தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏழு பாட்டையும் எழுதியவன் நான், அதில் ஒரு வரியைக்கூட இன்றைக்கு மாற்ற மாட்டேன். ராஜபாளையத்தில் ஓடும் மினிபஸ்களில் அது பாடுகிறது. அத்தனையும் சோகப் பாட்டு, இருந்தும் வேறு பாட்டுப் போடச் சொல்லி டிரைவரிடம் யாரும் கேட்பதில்லை. கொச்சியில் ஒரு காலேஜில், தமிழ் தெரியாத பிள்ளைகள் வார்த்தை தப்பாமல் கூடவே பாடினார்கள்.

பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். குரலும் கிட்டாரும் அப்படித் தாழ்ந்து ஒலிக்கிறதே, எப்படி யோசித்துச் செய்தீர்கள்? முதல் இரண்டு பேட்டியில் பெரிய பெரிய வார்த்தையாகப் போட்டு விளக்கம் கொடுத்தேன். மூன்றாவது பேட்டியில் பாடகி, அதாவது என் மதினி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் முடிக்கிறவரைக்கும் பொறுத்துவிட்டு, "யோசிச்சா செஞ்சோம்? உண்மையச் சொல்லு" என்றார். அன்றைக்கு மழுப்பிவிட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். நான் கிட்டார். ராஜபாளையத்தில் மில் மெஷின்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நண்பன் நூல் மில்லில் ஃபிட்டர். பேஸ் கிட்டார் அவனுடையது, தாளமும் அவன் பொறுப்பு. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். பாடுவது மதினி, என் அண்ணன் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர் சண்டையை டைப் அடிக்கிறவருக்குச் சோகப் பாட்டுப் பாடத் தனியாகப் பயிற்சி தேவையில்லை. அண்ணன் கணக்கு வாத்தியார். அவனுக்குத் தெரிந்த சங்கீதம் பள்ளிக்கூட மணி மட்டும்தான். ஆனால் மதினி பாடப் போகும் நாளெல்லாம் சமையல் அவனுடையது, அதற்காக அவனை மன்னித்துவிடலாம்.

முதல் ஆல்பத்தைச் சென்னைக்குப் போய், கண்ணாடித் தடுப்பு வைத்த ஸ்டூடியோவில் பதிவு செய்தோம். அங்கே கிடைத்த ஏசியும் மரியாதையும் என்னைக் கெடுத்துவிட்டன. 'வாரேன்' என்று எழுதியிருந்ததை 'வருகிறேன்' என்று திருத்தினேன். மதினியை எல்லாப் பாட்டிலும் உச்சத்திலேயே பாடவைத்தேன். உச்சத்தில் பாடினால்தான் பாட்டு என்று அப்போது எனக்கு நினைப்பு. ஆல்பம் வெளிவந்தது. சொந்தக்காரர்களைத் தவிர யாரும் கேட்கவில்லை. சொந்தக்காரர்களும் முதல் பாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் மதினிக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது, மதுரையில். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், பேசுவதற்கு ஒரு குறையும் இருக்காது, மேல் ஸ்தாயி மட்டும் முன்பு போல் வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. முன்பு சிரித்துக்கொண்டே தொட்ட இடத்தில் இப்போது வெறும் காற்று வந்தது. எட்டு மாதம் மதினி பாடவே இல்லை. அடுப்படியில்கூட முணுமுணுப்பதில்லை என்று அண்ணன் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான், பள்ளிக்கூட மணியைத் தவிர இன்னொன்றும் அவன் காதில் இத்தனை வருஷமும் விழுந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

அந்த எட்டு மாதத்தில் நான் ஏழு பாட்டு எழுதினேன். இந்தத் தடவை எதையும் திருத்தவில்லை. 'வாரேன்' என்றால் 'வாரேன்'தான். ஏழிலும் எனக்குப் பிடித்தது வத்திராயிருப்புக் கடைசி பஸ்ஸைப் பற்றியது. கோர்ட்டில் அன்றைக்குத்தான் விவாகரத்து முடிந்த ஒரு பெண் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த பஸ்ஸில் ஏறுகிறாள். படியில் நிற்கிறவளிடம் கண்டக்டர் தினமும் எல்லாரிடமும் சொல்வதையே சொல்கிறார்: "உள்ள போங்க, எடம் இருக்கு." அதுதான் பல்லவி. பாட்டு முடிகிற இடத்தில் அந்த 'இருக்கு' மேலே ஏறி நிற்கும். ஆல்பம் முழுக்க அது ஒன்றுதான் உச்சம்.

பாட்டுகளை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மதினி ஏழையும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோர்ட்டில் நிபந்தனை ஜாமீன் கொடுப்பது போல நிபந்தனை போட்டார்.

"மத்ததெல்லாம் இருக்கட்டும். இந்தக் கடைசி 'இருக்கு' எனக்கு எட்டுச்சுன்னா நான் பாடுறேன். எட்டலைன்னா நீ வேற ஆளப் பாத்துக்கோ, பொறவு என்னையக் கூப்பிடக் கூடாது. பழைய சுருதியிலயே வையி. பாவம் பாத்து எறக்குற வேலையெல்லாம் எங்கிட்ட வேண்டாம்."

"சரி மதினி" என்றேன். அந்த 'சரி'க்கு என்ன விலை என்று அப்போது தெரியாது.

சென்னைக்குப் போக மறுபடி மனசில்லை. நண்பன்தான் வழி சொன்னான். அவன் மில்லின் பஞ்சு குடோன். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பொதி அடுக்கியிருக்கும். உள்ளே கை தட்டினால் சத்தம் கைக்குள்ளேயே செத்துப்போகும். ஸ்டூடியோக்காரர்கள் லட்ச லட்சமாகக் கொட்டிச் செய்வதை எங்கள் ஊர்ப் பஞ்சு சும்மா செய்து கொடுத்தது. மேனேஜர் ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதி தந்தார். தீப்பிடிக்கும் என்பதால் குடோனுக்குள் ஒயரிங் கிடையாது, லைட் கிடையாது. கதவைத் திறந்து வைத்தால் வருகிற வெயில்தான் வெளிச்சம். பேட்டரியில் ஓடும் ரெக்கார்டர் ஒன்றுக்கு மட்டும் மேனேஜர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மற்றதெல்லாம் வாசலிலேயே நின்றுவிடும்.

"தீப்பெட்டி, லைட்டர், செல்லு எல்லாத்தையும் இங்க வச்சிட்டுப் போங்க" என்பார் வாட்ச்மேன். ஃபிட்டரான நண்பனின் சட்டைப் பையையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்.

செல்போன் வெளியே நின்றதால் அதிலிருந்த, சுருதி காட்டும் டியூனரும் வெளியே நின்றது. கிட்டாரில் கவ்வி வைக்கிற சின்ன டியூனர் ஒன்று என்னிடம் இருந்தது. அதை முதல் ஞாயிறே பொதிகளுக்கு நடுவில் தவறவிட்டேன். பஞ்சுக்குள் விழுந்தது விழுந்ததுதான். ஆனால் நான் கவலைப்படவில்லை. எனக்குக் காது இருக்கிறது, ஊருக்குச் சங்கு இருக்கிறது.

சங்கு என்றால் மில் சங்கு, ஷிஃப்ட் மாறும்போது ஊதுவது. எங்களுக்கு முதல் கிட்டார் கிடைத்த காலத்தில் டியூனர் ஏது? மூன்று மணிச் சங்கு ஊதியதும் மெல்ல ஏறும், ஒரு இடத்தில் நிற்கும், பிறகு இறங்கும். நிற்கிற இடத்தைப் பிடித்துக் கிட்டாரின் தடித்த கம்பியை அதற்குச் சேர்ப்போம். வருஷங்கள் கழித்து டியூனரை வைத்துப் பார்த்தால், அச்சு அசலாக அந்தக் கம்பிக்கு உரிய 'ஈ' சுரம். எங்கள் ஊர்ச் சங்கே ஈ-யில்தான் ஊதும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். அதனால் நாலு ஞாயிறும் அதே வழக்கம். மூன்று மணிச் சங்குக்குச் சுருதி சேர்ப்பது, வெளிச்சம் இருக்கும்வரை பதிவு செய்வது. நண்பன் பஞ்சுப் பொதியில் முஷ்டியால் குத்தித் தாளம் போட்டான். அந்த 'தொம்' சத்தத்தைத்தான் இன்றைக்கு ஏதோ வெளிநாட்டு டிரம் என்று எழுதுகிறார்கள்.

கம்பி கொஞ்சம் தளர்வாக இருப்பதாக விரலுக்குப் பட்டது. புதுக் கம்பி, பங்குனி வெயில் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசி பஸ் பாட்டை நாலாவது ஞாயிறு எடுத்தோம். பாட்டு ஓடி முடிவுக்கு வந்தது. நான் கிட்டாரைப் பார்த்தபடி இருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. 'இருக்கு' ஏறியது. நின்றது. உடையவில்லை. முன்பிருந்த மினுமினுப்பு இல்லை. கொஞ்சம் கரகரத்து, அடியில் ஈரமாக, அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலாக நின்றது. மதினி அப்படியே பொதிமேல் உட்கார்ந்துவிட்டார். "எட்டிருச்சுல்ல?" என்று எங்களை மாறி மாறிக் கேட்டார். நான் அழுதேன். அதில் வெட்கமில்லை. நண்பன் பஞ்சுத் தூசி என்று சொல்லிக் கண்ணைக் கசக்கினான். அன்றைக்கு ராத்திரி அண்ணன் போன் பண்ணி, "ஏலே, அவ அடுப்படியில பாடுறாடா" என்றான்.

மறுநாள் சாயங்காலம் நண்பன் வீட்டு மாடியில் பேஸ் சேர்க்க உட்கார்ந்தோம். பேஸுக்கு கரண்ட் வேண்டும், அதனால் அதை மட்டும் வீட்டுக்கு ஒதுக்கியிருந்தோம். முதல் பாட்டிலேயே இடித்தது. அவன் ஒரு பக்கம் போனான், பாட்டு ஒரு பக்கம் போனது.

"உன் பேஸ் கோணல்டா" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் செல்ல வச்சுச் சுருதி பாத்துட்டுத்தான் உக்காந்திருக்கேன். நீ உன்னுதப் பாரு."

பதிவு செய்ததை ஓடவிட்டு அவன் போனைப் பக்கத்தில் வைத்தோம். ஈ இல்லை. கச்சேரிக்காரர்கள் கணக்கில் சொன்னால் ஒரு கட்டை கீழே. ஏழு பாட்டும் ஒரு கட்டை கீழே.

நண்பன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "ஏமிரா இதி", என்னடா இது, என்று தெலுங்கில் முனகினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "பொங்கலுக்கு முன்னாடி சங்கு மோட்டார் புகஞ்சு போச்சுல்ல. நான்தான் கழட்டிக் கொண்டுபோயி புதுசாச் செம்புக் காயில் கட்டிட்டு வந்தேன். சுத்துற வேகம் முன்ன மாதிரி இல்ல, கம்மிதான். நேரத்துக்கு ஊதுதான்னு பாத்தேன். வேற என்னத்தப் பாக்க?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரே அந்தச் சங்கைக் கேட்டுத்தான் எழுந்தது, சாப்பிட்டது, ஷிஃப்டுக்குப் போனது. வேகம் குறைந்ததில் மூன்று மாதமாக அது ஒரு கட்டை இறங்கி ஊதியதை ஒருவரும் கவனிக்கவில்லை. காது காது என்று பீற்றிக்கொண்ட நானும் கவனிக்கவில்லை. மதினியின் குரல் ஏறி வரவில்லை, என் கிட்டார் இறங்கி வந்திருக்கிறது. செய்யவே கூடாது என்று அவர் சொன்ன ஒரே காரியத்தைத் தெரியாமலே செய்துவிட்டேன்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் அது தவறு, அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. அடுப்படியில் பாடுகிறவரிடம் போய் எப்படிச் சொல்வது என்று நண்பனிடம் கேட்டேன். "சொல்லித்தான்டா ஆகணும்" என்றான் அவன். வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தம் போட்டு அவனை அடக்கினேன். பேஸையும் ஒரு கட்டை இறக்கிச் சேர்த்தோம். ஆல்பம் வெளியானது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூன்று வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு டிரைவர் பஸ்ஸில் போட்டார், யாரோ அதை வீடியோ எடுத்து நெட்டில் போட்டார்கள், அதற்கப்புறம் எங்கள் கையில் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் மேடை ஏறுவதற்கு முன்னால் மதினி தண்ணீர் குடிக்கப் போகிற நேரம் பார்த்துக் கிட்டாரை இறக்கிவைப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை ஆறு மாதம் பார்த்தேன். அவரோ கோர்ட்டில் எல்லாரிடமும் தொண்டை சரியாகிவிட்டது, பழைய சுருதியில் பாடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் கை தட்டும்போதெல்லாம் நான் குனிந்து கம்பியைத் துடைப்பேன்.

ராஜபாளையத்தில் எங்கள் முதல் நிகழ்ச்சி முடிவானது. மில் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். மதினி உற்சாகமாகப் போன் பண்ணினார். "மொத ஆல்பத்துப் பாட்டு ரெண்டச் சேத்துப்போம். மதுரையில இருந்து புல்லாங்குழல்காரர் ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன்."

போனை வைத்ததும் கணக்குப் போட்டேன். குழல் கம்பி இல்லை, திருகி இறக்க. பழைய சுருதியில் குழல் ஊதும், சொந்த ஊர்ச் சனத்துக்கு முன்னால், கோர்ட்டிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்களுக்கு முன்னால், மதினியின் தொண்டையில் காற்று மட்டும் வரும். மறுநாளே கடையில் லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கோர்ட்டுக்கு எதிர் டீக்கடையில் நின்றுகொண்டு, சங்கு, மோட்டார், ஒரு கட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். மதினி ஒன்று மட்டும் கேட்டார்.

"எம்புட்டு நாளாத் தெரியும்?"

"பேஸ் சேத்த அன்னைக்கே."

"ஆறு மாசம்." டீ கிளாஸைக் கீழே வைத்தார், பாதி இருந்தது. "சங்கு எறங்குனது உன் தப்பு இல்ல. ஆபரேஷன் எனக்கு, தொண்டை எனக்கு. எட்டலைன்னா எட்டலைன்னு மொதல்ல தெரிய வேண்டியது எனக்கா, உனக்கா? நீ தெரிஞ்சு வச்சுக்கிட்டு என்னைய ஊர் ஊரா நிப்பாட்டி வச்சிருக்க."

"உங்க மனசு கஷ்டப்படும்னுதான் மதினி..."

"அத நான் படுறேன். அதுக்கு உன்கிட்ட வக்காலத்து குடுக்கல."

உள்ளே போய்விட்டார். ஒன்பது நாள் போன் எடுக்கவில்லை. ஆல்பம் ஜெயித்த வருஷத்தில் நான் பட்ட அவமானம் அது ஒன்றுதான், அதுவும் எனக்கு உரியதுதான்.

நிகழ்ச்சி அன்றைக்கு மதியம் மண்டபத்தில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். மதினி வருவாரா என்றே தெரியவில்லை. இரண்டரை மணிக்கு வந்தார். பின்னால் டிபன் கேரியரோடு அண்ணன், அவனுக்குப் பின்னால் குழல்காரர். என் முகத்தைப் பார்க்காமல் மேடை ஏறி, "கடைசி பஸ்" என்று மட்டும் சொன்னார். நான் வாசிக்க, நாலு வரி பாடினார். நிறுத்தினார்.

"எம்புட்டு எறக்கி வச்சிருக்க?"

"ஒன்றரை கட்டை."

"சங்கு எறங்குனது ஒண்ணுதான?"

"இல்ல மதினி, சொந்த ஊரு, பதட்டமா இருக்கும். ஒரு பாதுகாப்புக்குத்தான்..."

சொல்லி முடிப்பதற்குள் என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். ஒன்பது நாளில் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் மதினி கத்தவில்லை.

"ஏத்து" என்றார். "மொத ஆல்பத்துப் பாட்டு ரெண்டையும் லிஸ்ட்டுல இருந்து எடுத்துட்டேன். அதுக எனக்கு அப்பவே பிடிக்காது. நீ நெருக்குனதுனாலதான் பாடுனேன். இவர்ட்டயும் போன்ல சொல்லி ஒரு கட்டை கொறஞ்ச குழலக் கொண்டாரச் சொல்லிட்டேன். செத்த நேரம் இரு, மணி மூணாகப் போகுது."

மேடையில் எல்லாரும் சும்மா நின்றோம். மூன்றுக்குச் சங்கு ஊதியது. ஏறி வந்து ஒரு இடத்தில் நின்றதும், மதினி கண்ணை மூடி அதோடு சேர்ந்து முனகினார். நான் சங்கைக் கேட்கவில்லை. அவர் குரலைக் கேட்டுக் கம்பியை முறுக்கினேன். குழல்காரர் மெல்ல ஊதிப் பார்த்துத் தலையாட்டினார்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. கடைசி பஸ் பாட்டுக்கு முன்னால் மதினி மைக்கில் பேசினார். பேசுவதாக எங்களிடம் சொல்லவில்லை. "எனக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்கு. பழைய சுருதி எட்டாது. எட்டுதுன்னு நெனச்சேன், எட்டலையாம். இது நம்ம மில்லுச் சங்கோட சுருதி. இது எட்டும்." கூட்டத்தில் மில்காரர்கள் நிறையப் பேர். சங்கு என்றதும் சிரித்தார்கள்.

பாடினார். அந்த 'இருக்கு' வந்தது. ஆல்பத்தில் நின்றதைவிட அதிக நேரம் நின்றது. அது எங்கே நிற்கிறது என்று தெரிந்தே, அவர் அதை அங்கே நிறுத்தியிருந்தார். நடுவிலேயே நான் கிட்டாரை நிறுத்திவிட்டேன். அது இல்லாமலேயே குரல் நின்றது. அண்ணன் முதல் வரிசையில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கை தட்டக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

கைதட்டல் அடங்குவதற்குள் மதினி மைக்கை விட்டு விலகி என் பக்கம் வந்தார். அடுத்த பாட்டுக்குக் குழல் கிடையாது, நானும் அவரும் மட்டும்தான். ஒன்பது நாளுக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"அரைக் கட்டை ஏத்து" என்றார். "எட்டலைன்னா நானே சொல்றேன்."

ஏற்றினேன்.